மூனு இலை போதும்

நம் ஆட்கள் வாயைத் திறந்தால் கொலைதான். என் அம்மா உயிரோடிருந்த வரை தினமும் என் தோலை உரித்தார், காலை ஒடித்தார், சில நாள் நாக்கையும் இழுத்து வைத்து அறுத்தார். நான் முழுசாகத்தான் இருக்கிறேன். அதையெல்லாம் மலாயில் மொழிபெயர்த்துக் கோர்ட்டில் வைத்தால் ஜொகூரில் பாதித் தாய்மார்கள் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் மொழியியல் சொல்லித் தருகிறேன். மிரட்டல் என்று புகார் வரும் தமிழ்க் குரல் பதிவுகளைக் கேட்டு, பேசியவன் செய்வானா மாட்டானா என்று போலீசுக்கு எழுதிக் கொடுக்கிற வேலையும் பல வருடங்களாக என் தலையில்தான். 'ஜோசியம் பார்க்கப் போறியா' என்று என் தம்பி கேலி செய்வான். ஜோசியம் பொய்த்தால் யாரும் சாவதில்லை. அந்த வித்தியாசம் அவனுக்குப் புரிவதில்லை.

நான் முதலில் பார்ப்பது கெட்ட வார்த்தையை அல்ல. பேசுகிறவனிடம் நாளை என்று ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பேன். "அடுத்த மாசம் போனஸ் வரட்டும், ஆள் வச்சு உன்னை கவனிச்சுக்கிறேன்" என்று கத்துகிறவன் ஆபத்தானவன்தான். ஆனால் அவனுக்கு ஓர் அடுத்த மாதம் இருக்கிறது, அதற்குள் நாம் எதையாவது செய்யலாம். எல்லாம் முடிந்துவிட்டது என்று அமைதியாகச் சொல்கிறவனிடம் நமக்கு நேரமே இல்லை.

போன வருடம் ஒரு வழக்கு வந்தது. அந்தப் பெண் தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். கணவன் தினமும் விடியலில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். அடி தாங்க முடியாமல் அவள் ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு தெப்ராவிலேயே இருந்த அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு அவன் அனுப்பிய பதிவுகளை எனக்குக் கொடுத்தார்கள். பாராங் கத்தியால் வெட்டுவேன், வீட்டோடு கொளுத்துவேன் என்று ஒரே கூச்சல். எல்லாவற்றிலும் ஓர் அடுத்த வாரமோ அடுத்த மாதமோ இருந்தது. பாதுகாப்பு உத்தரவு வேண்டும், அவன் பேச்சு மாறினால் உடனே எனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

பேச்சு மாறவில்லை, நின்றே போனது. தீபாவளி கழிந்து சில வாரங்களில், வழக்கைக் கவனித்த பெண் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். மலாய்க்காரர், நல்ல மனுஷி.

"நல்ல செய்தி, டாக்டர். ஆள் திருந்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். அவருடைய அக்கா சமாதானம் பேசி முடித்துவிட்டார். புகாரை வாபஸ் வாங்கப் போகிறார்கள். அக்காவுக்கு அவர் அனுப்பிய மெசேஜை அனுப்புகிறேன். சும்மா ஒரு தடவை கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்."

கூடவே மலாய் மொழிபெயர்ப்பும் வந்தது. பார்த்தால் விருந்துச் சமையல் பட்டியல். பீரும் சிகரெட்டும் ஏற்பாடு செய்யவும் என்று இருந்தது.

பல்கலைக்கழகக் கேண்டீனில் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு அவன் குரலைக் கேட்டேன். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, வேலையை விட்டுட்டேன். மனசு இப்ப நல்லா இருக்கு, கோபமெல்லாம் முடிஞ்சிருச்சு. எனக்கு கருவாட்டுக் குழம்பு, அவளுக்கு நண்டு, பாப்பாவுக்கு ஆரஞ்சு சோடா. மூனு இலை போதும். பீர் டின்னைத் தொறந்து வச்சிரு. சிகரெட்டு ஒன்னு பத்த வச்சு ஓரமா வை. நீதான்கா செய்வ. வேற யாரும் செய்ய மாட்டாங்க."

பதிவை மறுபடியும் ஓட விட்டேன். தீபாவளிக்கு முதல் நாள்தான் என் அப்பாவுக்குப் படையல் போட்டிருந்தேன். குடிக்காத நான் வருடத்துக்கு ஒரு தடவை வெட்கத்தோடு கறுப்பு பீர் வாங்குவது அப்பாவுக்காகத்தான். டின்னைத் திறந்து இலையருகில் வைப்பேன், சிகரெட்டைப் பற்ற வைத்து ஓரமாக வைப்பேன். அப்பாவால் திறக்க முடியாது, பற்ற வைக்கவும் முடியாது. உயிரோடு வருகிற விருந்தாளிக்கு யாராவது சிகரெட்டைப் பற்ற வைத்து இலையோரம் வைப்பார்களா? திறந்து வைப்பதையும் பற்ற வைப்பதையும் மொழிபெயர்த்தவர் விட்டுவிட்டார். செத்தவர்களுக்கு நாம் இப்படிச் செய்வோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

உடனே இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது, டாக்டர்? ஒரு வார்த்தை காட்டுங்கள்" என்றார்.

"ஒரு வார்த்தையும் இல்லை, புவான். மூன்று பேருக்கும் படையல் போடச் சொல்லி அக்காவுக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். அவள் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. அவனையும் தனியாக விடக் கூடாது."

மறுநாள் போலீஸ் நிலையத்தில் அக்காவையும் மனைவியையும் உட்கார வைத்துப் பேசினோம். அக்கா லாயாங் லாயாங்கிலிருந்து ரயிலில் வந்திருந்தார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். என்னைப் பார்த்ததுமே பொரிந்து தள்ளினார்.

"டீச்சர், என் தம்பி சோறு போடக் கூப்பிடுறான், நீங்க சாவுங்கிறீங்க. உங்க வாயில நல்ல சொல்லே வராதா? அடிக்கிற கைதான் அணைக்கும்."

அந்தப் பழமொழியை முதலில் சொன்னவன் என் கையில் கிடைத்தால் தோலை உரித்திருப்பேன். எத்தனை பெண்களை அது திரும்ப அனுப்பியிருக்கிறது! ஆனால் அக்கா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

"அக்கா, உங்க அப்பாவுக்குப் படையல் எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போடுற மாதிரிதான். இலை போட்டு, அவருக்குப் புடிச்ச கருவாடு வச்சு, டின்னைத் தொறந்து..." சிகரெட்டுக்கு வருவதற்குள் அவர் பேச்சு நின்றுவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அதுவரை தலை குனிந்திருந்த மனைவி அப்போதுதான் பேசினாள். "அவரு டின்னை வேற யாரும் தொறந்தா அடிப்பாரு. தொறந்து வைன்னு சொன்னது எனக்கும் இடிச்சுச்சு, டீச்சர். எல்லாரும் போ, போன்னு சொன்னாங்க. நாந்தான் அவரைக் கெட்டவருன்னு நெனச்சிக்கிட்டே இருக்கேன்போலன்னு விட்டுட்டேன்."

அவள் போகவில்லை. இன்ஸ்பெக்டர் சனிக்கிழமை காலையில் ஆட்களோடு அவன் குடியிருந்த தாமானுக்குப் போனார். அவன் குளித்து, திருநீறு பூசி, அவர்களுக்குத் தேநீர் கொடுத்தானாம். வீட்டில் கத்தி கூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறாயா என்றதற்கு, எனக்கென்ன நோய் என்று சிரித்திருக்கிறான். சாப்பாட்டுப் பட்டியல் சொன்ன குற்றத்துக்கு எந்தச் சட்டத்தில் ஒருவனைப் பிடிப்பது? அக்கா அன்று முழுக்க அவனோடு இருந்தார். ஞாயிறு காலையில், கோயிலுக்குப் போகிறேன், நீ வீட்டுக்குப் போ என்று அவரை ரயில் ஏற்றிவிட்டு, வீடு திரும்பி அவனே சமைத்திருக்கிறான்.

மனைவி வரவில்லை என்று தெரிந்த பிறகும் அவன் மூன்று பேருக்கும் சோறு போட்டு வைத்திருந்தான். ஒன்று பிள்ளையின் பூனைப் படம் போட்ட சின்னத் தட்டு. தன் தட்டில் இருந்ததை மட்டும் சாப்பிட்டிருந்தான். மற்ற இரண்டு தட்டுகளிலும் அதே விஷம்தான் இருந்தது என்று இன்ஸ்பெக்டர் போனில் சொன்னார். "நீங்கள் சொன்னது சரி, டாக்டர்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. சரியாகச் சொல்லி என்ன பிரயோஜனம்? தடுக்கிறேன் என்று கிளம்பிய வேலையில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அவனையும் தனியாக விடாதீர்கள் என்று சொன்னேன், அது நடக்கவில்லை. இரண்டு பேர் பிழைத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டும் பார்த்தேன். ஆனால் அன்று சோற்றில் கை வைக்க முடியவில்லை.

அக்கா என்னோடு பேசவில்லை. எதிர்பார்த்ததுதான்.

இந்த வருடம் தீபாவளிக்கு முதல் நாள், அப்பாவின் படையலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மெதுவான குரல். அந்த மெதுவைக் கேட்டதும் பயந்து போய், அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

"டீச்சர், ஒரு இலைதான் போட்டேன். கருவாட்டுக் குழம்பு வச்சேன். அவன் டின்னை நானே தொறந்து வச்சேன், சிகரெட்டையும் பத்த வச்சேன். நண்டை மட்டும் இலையில வைக்கல. தூக்குச் சட்டியில போட்டு தெப்ராவுக்கு எடுத்துட்டுப் போனேன். அவ என்னை உள்ள கூப்பிடல, கேட்லயே வாங்கிக்கிட்டா. அது போதும் எனக்கு. பாப்பாவுக்கு ஆரஞ்சு சோடா. தொறக்காமத்தான் குடுத்தேன், டீச்சர். அதுவே தொறந்து குடிச்சுச்சு."