கற்பூரத்துக்கு முன்னால் ஒரு சுவிட்ச்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டாகப் பிளந்தது. அப்போது நான் அதில் இல்லை. எழுந்துபோய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதைப் பிளந்தது ஒரு ஹெலிகாப்டர். ஆள் ஏறுகிற ரகம் இல்லை. தரையில் நின்றபடி கையில் ஒரு டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு ஓட்டுகிற ரகம். ‘ஓ, பொம்மையா?’ என்கிறீர்களா? அன்று காலை காபி குடிக்கிறவரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்லிக்கொண்டிருந்தது என் மைத்துனன் சுந்தரத்திடம். என் மனைவி விசாலத்தின் தம்பி. ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் அக்கவுண்டன்ட். நாற்பத்தேழு வயதுக்குள் அவன் செய்த மிகப் பெரிய சாகசம், கரமனை பஸ்ஸில் ஃபுட்போர்டில் நின்று போனதுதான். அதுவும் உள்ளே இடம் இல்லாததால்.

அவனுக்குப் பல்வலி வந்தது. எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

பல் டாக்டர் ரெஜி, முப்பது சொச்சம் வயதுக்காரர், மலையாளி. கிளினிக் சுவரில் பற்களின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஹெலிகாப்டரின் படம். சுந்தரம் அதையே பார்த்தபடி வாயைத் திறந்திருக்கிறான். ஞாயிறுகளில் அதை ஓட்டுகிற டாக்டர் பார்த்துவிட்டார். ஒரு பொழுதுபோக்குக்காரருக்கு இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பார்? வாயில் பஞ்சு. நகர முடியாது. மறுத்துப் பேச முடியாது.

ரூட் கெனால் முடிவதற்கு நாலைந்து தடவை போகவேண்டியிருந்தது. பல்லோடு பாடமும் முடிந்தது. சந்தேகம் கேட்கத்தான் வழியில்லை. வீட்டுக்கு வந்து எங்களிடம் ஒப்பிப்பான்.

“முதல்ல ஹெலிகாப்டர் வாங்கப்படாது, அத்திம்பேர். டிரான்ஸ்மிட்டரைத்தான் வாங்கணும். ஹெலிகாப்டர் உடையும், வேற வாங்குவோம். டிரான்ஸ்மிட்டர் அப்படியே நிக்கும். அதாக்கும் கணக்கு.”

“உடையும்னு தெரிஞ்சே ஒண்ணை வாங்குவாளோடா?” என்றாள் விசாலம்.

“அக்கா, நீ புடவை வாங்கறயே, கிழியாதுன்னா வாங்கறே?”

விசாலம் தன் புடவைத் தலைப்பை இழுத்துப் பார்த்தாள்.

மற்றப் பாடங்களையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பெட்டியோடு சேர்த்துக் கொடுக்கிற நாலு சேனல் டிரான்ஸ்மிட்டர் அந்த ஹெலிகாப்டரோடு ஆயுள் முடிந்துவிடும். ஆறு சேனல், உள்ளே மெமரி உள்ளது நல்லது. ரொம்பச் சின்ன ஹெலிகாப்டர் பார்க்க அழகு, ஒரு காற்றுக்கே புரண்டுவிடும். ரொம்பப் பெரியது காற்றில் நிதானம், ஆனால் அதன் இறக்கை மனிதனைப் பார்த்து ஒதுங்காது. நடுவில் ஒன்று, பேட்டரியில் ஓடுவது, உதிரிபாகம் கிடைப்பது. வாங்கியதும் பறக்கவிடக் கூடாது. டிரான்ஸ்மிட்டரை ஒயர் போட்டு கம்ப்யூட்டரில் இணைத்து, திரையில் பறக்கிற ஹெலிகாப்டரை முதலில் உடைத்துப் பழக வேண்டும்.

இன்னொன்று. டிரான்ஸ்மிட்டரில் எந்தக் குச்சி எந்தக் கைக்கு என்பதில் இரண்டு மூன்று முறைகள் உண்டாம். கற்றுக்கொடுப்பவரிடம் இருக்கிற அதே முறையில் வாங்கினால்தான், தடுமாறும்போது அவர் சட்டென்று கையிலிருந்து வாங்கிச் சமாளிக்க முடியும்.

இந்தக் கடைசிப் பாடத்தை சுந்தரம் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டான்.

நம் ஊரில் பொருள் வாங்குவது எப்படி? அடுத்த வீட்டு மிக்சி சத்தம் போடாமல் அரைத்தால், அதே கம்பெனி, அதே மாடல், முடிந்தால் அதே நிறம். ஆராய்ச்சியை அடுத்த வீட்டுக்காரர் செய்துவிட்டார், நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? சுந்தரமும் டாக்டருடைய டிரான்ஸ்மிட்டரைத் திருப்பிப் பார்த்து, அதன் முதுகில் இருந்த எல்லா எழுத்தையும் எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதி, சென்னைக் கடைக்கு அப்படியே அனுப்பினான். கடைக்காரரும் அப்படியே அனுப்பினார்.

அந்த எண்களில் ஒன்று கிரிஸ்டலின் எண்.

கிரிஸ்டல் என்பது நகம் அளவு இருக்கிற ஒரு உதிரிபாகம். டிரான்ஸ்மிட்டர் எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே அலைவரிசையில் பேசினால், மேலே இருக்கிற ஹெலிகாப்டர் இருவர் பேச்சையும் கேட்காது.

டாக்டர் பெட்டியைப் பிரித்ததுமே கண்டுபிடித்துவிட்டார். சிரித்தார். தன்னிடம் வேறு எண்ணில், டிரான்ஸ்மிட்டருக்கும் ஹெலிகாப்டருக்குமாக ஒரு ஜோடி கிரிஸ்டல் இருக்கிறது, மைதானத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னதாக சுந்தரமே சொன்னது: “சாமி, ஒரே ஒரு காரியம். கிரவுண்டில வெச்சு எங்கிட்ட கேக்காம இதை ஆன் ஆக்கக் கூடாது. ஒரு தடவை ஆன் ஆக்கினா, பின்னே நீ வரண்டா.”

வரண்டா என்றால் வர வேண்டாம். அவ்வளவுதான் நிபந்தனை. சுந்தரத்துக்கு வேறு குருவும் கிடையாது, நான் விசாரித்தவரை இந்த ஊரில்.

ஒன்றரை மாதம் அவன் கரமனை வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழகினான். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் முகம் கழுவி, விபூதி இட்டு, சுவிட்சைத் தட்டுவான். அவன் இதற்கு முன் எதையும் இவ்வளவு ஆசையோடு செய்து நான் பார்த்ததில்லை. திரையில் கீழே விழாமல் ஒரே இடத்தில் நிறுத்திவைத்த அன்று, எனக்கு போன் செய்து, ‘அத்திம்பேர், நின்னுடுத்து’ என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

விதுரா போகிற வழியில் டாக்டரின் உறவினருக்கு ஒரு ரப்பர் தோட்டம். பழைய மரங்களை வெட்டிவிட்டார்கள், புதிய கன்று இன்னும் வைக்கவில்லை. அதனால் நடுவில் நல்ல வெட்டவெளி. போனவர்கள் டாக்டர், சுந்தரம், நான், விசாலம். நான் வேடிக்கை பார்க்க. விசாலம் எதற்கு? பூஜைக்கு.

புது வண்டி வாங்கினால் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம். ஹெலிகாப்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? பறக்கிற வண்டிக்கு இரண்டு மடங்கு பாதுகாப்பு வேண்டும் என்பது அவள் கட்சி. சுந்தரத்தின் ஹெலிகாப்டர் கற்றுக்குட்டிகளுக்கானது. கவிழாமல் இருக்க, காலில் குறுக்குக் குச்சிகள், நுனியில் நாலு பந்துகள். பந்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள்.

டாக்டருடையது பெரியது. எரிபொருளில் ஓடுவது. “காத்து எழும்பறதுக்கு முந்தி நான் ஒரு டேங்க் பறந்துக்கறேன். இறங்கி வந்து கிரிஸ்டல் மாத்தலாம், சாமி” என்றார். அப்போதுதான் விசாலத்தின் கையில் கற்பூரத்தைப் பார்த்தார்.

“மாமி, தீயா? இங்கே ஃப்யூவல் கேன் இருக்கு. காரிண்ட அப்புறம் போய் செய்யணும், கேட்டோ.”

நியாயமான எச்சரிக்கை. நானே அந்தக் கேனைத் தூக்கி இன்னும் பத்தடி தள்ளி வைத்தேன். பூஜைத் தட்டு காருக்குப் பின்னால் போனது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. எல்லோரும் நெருப்பையே கவனித்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் பறக்கவிட்டார். எனக்காக ஒரு நாற்காலியும் போட்டிருந்தார், தனக்குப் பின்னால், சற்றுத் தள்ளி. ஃபிளாஸ்க் காபியை டம்ளரில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் பொம்மை என்ற சொல் வாயில் வராது. ஆகாயத்தை யாரோ அறுக்கிற மாதிரி.

“ஏன்னா, எழுந்திருந்து வாங்கோ. நல்ல நேரம் போயிண்டிருக்கு.”

“டாக்டர் இறங்கட்டும்.”

“அவர் இறங்கறச்சே நல்ல நேரம் முடிஞ்சுடும். நீங்க வரேளா, இல்லையா?”

போனேன். அவளிடம் வாதம் செய்வதைவிட முப்பதடி நடப்பது சுலபம்.

காருக்குப் பின்னால் சுந்தரம் கண்மூடி நின்றிருந்தான். ஹெலிகாப்டருக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. அவன் கையில் இருந்த டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாவை முழு நீளத்துக்கு இழுத்து, அதில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். விசாலம் கற்பூரத்தை ஏற்றினாள்.

“ஸ்டார்ட் பண்ணுடா. ஸ்டார்ட் பண்ணிட்டுன்னா கற்பூரம் காட்டணும்.”

இதுவும் வழக்கம்தானே? ஸ்கூட்டர் என்றாலும் லாரி என்றாலும், இஞ்சின் ஓடுகிறபோதுதான் கற்பூரம். நின்றுகொண்டிருக்கிற வண்டிக்கு யார் காட்டுவார்கள்?

“ஹெலிகாப்டரை ஸ்டார்ட் பண்ண முடியாதுக்கா. பேட்டரியே சொருகலை.”

“அப்போ கையில இருக்கறதையாவது போடு. ஒரு லைட்டாவது எரியட்டும்.”

அவன் ஒரு கணம் தயங்கியதை நான் பார்த்தேன். பிறகு கட்டைவிரல் சுவிட்சைத் தட்டியது. ஒன்றரை மாதமாகத் தினமும் விபூதி இட்டுத் தட்டிய விரல்.

சின்ன சத்தம். சமையலறை லைட் சுவிட்ச் அளவுக்குக்கூட இல்லை. பச்சை விளக்கு எரிந்தது. விசாலம் தட்டைச் சுற்றினாள்.

மேலே அறுத்துக்கொண்டிருந்த சத்தம் மாறியது.

காரின் கூரைக்கு மேலாகப் பார்த்தேன். ஹெலிகாப்டர் ஒரு பக்கம் சாய்ந்தது, மறு பக்கம் சாய்ந்தது, தலைகீழாகத் திரும்பியது. டாக்டர் குச்சிகளை அசைக்கிறார், அது கேட்கவில்லை. பிறகு கல் மாதிரி வந்தது. டாக்டரின் தலைக்கு மேலே கடந்து, அவருக்குப் பின்னால்.

பத்திரிகை டெஸ்கில் எத்தனையோ விபத்துச் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். ‘கண்ணிமைக்கும் நேரத்தில்’ என்று நிருபர் எழுதினால் அடித்துவிடுவேன், தேய்ந்த சொல் என்று. அந்த நிருபர்கள் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நாற்காலி நடுவில் பிளந்து கிடந்தது. முதுகு சாய்கிற இடத்தில், இறக்கையின் உடைந்த துண்டு ஒரு சாண் உள்ளே இறங்கியிருந்தது. நான் தரையில் வைத்திருந்த காபி டம்ளர் மட்டும் கவிழாமல் நின்றது. ஏனோ அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிபொருள் வாடை.

“ஆராவது ஆன் ஆக்கியோ?” என்றார் டாக்டர், எங்களைத் திரும்பிப் பார்க்காமலேயே. அவர் பார்வை நாற்காலியில் இருந்தது. பிறகுதான் காருக்குப் பின்னாலிருந்து வருகிற என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

சுந்தரம் வந்தான். நெற்றியில் குங்குமம், கையில் மல்லிகைப்பூ சுற்றிய டிரான்ஸ்மிட்டர். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“சாமி, அதை முதல்ல ஆஃப் ஆக்கு.”

ஆஃப் செய்தான். அப்படியே நீட்டினான். “டாக்டரே, எனக்கு இது வேண்டாம். நீங்களே எடுத்துக்கோங்கோ. நான் இனிமே வரலை.” நீட்டிய வேகத்தில் மல்லிகை உதிர்ந்தது.

டாக்டர் வாங்கிக்கொண்டார். பின்பக்கத்தைத் திறந்து, இரண்டு விரலால் கிரிஸ்டலைப் பிடுங்கினார். பல் டாக்டர் அல்லவா, ஒரே இழுப்பு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிரான்ஸ்மிட்டரைத் திருப்பிக் கொடுத்தார்.

“இனி இது எங்கிட்ட இருக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கணும். நான் நிலத்தில இருந்தாத்தான் தருவேன்.”

சுந்தரம் நம்பாமல் பார்த்தான். “வரண்டான்னு சொன்னேளே?”

“சொன்னேன். ரெண்டு கிரிஸ்டலும் ஒண்ணுன்னு எனக்கும் தெரியுமே. மாத்தி வெச்சிட்டுத்தான் நான் பறந்திருக்கணும். காத்து எழும்பிடும்னு அவசரப்பட்டேன். தெற்று என்றயும்கூடியாணு.”

தவறு என்னுடையதும்தான் என்கிறார். யோசித்துப் பார்த்தால், விசாலத்துக்குப் பஞ்சாங்கத்தில் ஒரு நல்ல நேரம், டாக்டருக்குக் காற்று எழும்புவதற்கு முன் ஒரு நல்ல நேரம். இரண்டு பேரும் தங்கள் நல்ல நேரத்தைத் தவறவிடவில்லை. என்னுடையதுதான் மயிரிழையில்...

நம் கையில் இருக்கிற சுவிட்ச் நம் பொருளுக்கு மட்டும்தான் என்று எவ்வளவு நிச்சயமாக நம்புகிறோம். அது காருக்கு அந்தப் பக்கத்தில், நாம் பார்க்காத இன்னொருவரின் ஆகாயத்தில் வேலை செய்கிறது.

திரும்பி வரும்போது கார் நெடுமங்காட்டைத் தாண்டியது. பிறகு விசாலம் மெதுவாகச் சொன்னாள்: “நான் மட்டும் அப்போ கூப்பிடலேன்னா?”

“நீ ஸ்டார்ட் பண்ணச் சொன்னதாலதான் அது விழுந்ததே.”

“நான் பூஜைக்குக் கூப்பிட்டதாலதான் நீங்க இருக்கேள்.”

இரண்டும் உண்மை. இத்தனை வருடம் தலைப்பு எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். இதற்கு ஒரு தலைப்பு போட முடியவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

நேற்று டாக்டர் போன் செய்தார். ஹெலிகாப்டரைச் சரிசெய்துவிட்டாராம், புது இறக்கை, புது வால். இந்த ஞாயிறு சுந்தரத்துக்கு முதல் பாடம். கிரிஸ்டல் தயாராக இருக்கிறது. போனை வைப்பதற்கு முன் இன்னொன்று சொன்னார்.

“மாமியைக் கூட்டிட்டு வரணும், கேட்டோ. இந்தத் தடவை என்னோடதுக்கும் ஒரு பூஜை வேணும். ரெண்டும் ஆஃப்ல வெச்சு.”

போகிறோம். நாலுக்குப் பதில் எட்டு எலுமிச்சம்பழம். நான் நின்றுகொண்டே பார்ப்பதாக இருக்கிறேன்.