பிறைச் சாலையில் ஆண்களை உள்ளே விடாத ஓட்டல்

எங்கள் கல்யாணம் தைப்பிங்கில் நடந்தது. அன்று மாலையே காரில் பினாங்குத் தீவுக்குப் புறப்பட்டோம். அப்போது பாலம் கிடையாது. ஃபெரிக்கு நின்ற கார் வரிசை நகரவே இல்லை என்பதால், இக்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் சாலையோர ஓட்டல் ஒன்றில் தங்கிவிட்டுக் காலையில் கடலைக் கடந்தோம்.

என் கணவரின் வாயில் அந்த ஓட்டல் வருடா வருடம் வளர்ந்தது. முதலில் பச்சை விளக்குப் பலகை மட்டும் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது நீச்சல் குளமும் வந்துவிட்டது. எனக்கு நினைவிருந்ததெல்லாம் கொசுவும், பக்கத்து அறையில் விடியும்வரை இருமிய ஒரு மனிதரும்தான்.

பாலம் திறந்து சில வருடங்கள் கழித்து, ஒரு கல்யாண நாளன்று என்னை அங்கே அழைத்துப்போனார். பாலம் வந்தபின் அந்தச் சாலையில் யாருக்கும் நிற்க வேண்டிய தேவை இல்லை. சாப்பாட்டுக் கடைகள் சாத்திக் கிடந்தன. பெயர்ப் பலகைகளில் பாதி எழுத்துகள் உதிர்ந்திருந்தன. லாரிகள் மட்டும் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அவர் துக்க வீட்டுக்கு வந்தவர்போல் மெதுவாகக் காரை ஓட்டினார்.

“எப்படி இருந்த ரோடு,” என்றார். அவர் அங்கே இருந்தது ஒரே ஓர் இரவு.

ஓட்டல் இருந்தது. மாடி முழுக்க நீலச் சீருடைகள் காய்ந்தன. வாசலில் ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“யாரைப் பாக்கணும் அண்ணே?”

“மேல கடைசி ரூம பாக்கணும்.”

“இது ஃபேக்டரி பிள்ளைங்க ஹாஸ்டல்லா. ஆம்பளைங்க உள்ள போகக்கூடாது.”

“கல்யாணம் ஆன அன்னைக்கு நாங்க இங்கதான் தங்குனோம்.”

“எல்லாரும் ஏதாச்சும் சொல்லிக்கிட்டுதான் வர்றாங்க அண்ணே,” என்றவர் என்னைப் பார்த்தார். “அக்கா வேணும்னா போய்ப் பாருங்க.”

அந்த அறையில் இப்போது அடுக்குக் கட்டில்கள். இரவு வேலை முடித்த ஒருத்தி தலை வரை போர்த்திக்கொண்டு தூங்கினாள். மற்ற இருவர் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். வந்த காரணத்தைச் சொன்னதும், தூங்குகிறவள் விழித்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“இந்த ஃபேன் அப்பவும் இப்படித்தான் கத்துச்சா அக்கா?”

கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த சின்னவள் தன் கட்டிலைத் தட்டிக் காட்டினாள். “வீட்ல எல்லாருக்கும் ஒரே பாய். இங்க எனக்குன்னு கட்டில் இருக்கு.”

அவள் குரலில் இருந்த பெருமைக்கு முன்னால், துக்கம் விசாரிக்க வந்த எங்கள் பயணம் எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஜன்னல் வழியே பின்பக்கம் பார்த்தேன். சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. நீச்சல் குளம் அதிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். கல்யாண இரவைவிட அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நன்றாக இருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை.

கீழே வந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“சும்மா நின்னாரு. அதான் குடுத்தேன்,” என்றார் வாசல் பெண்.

அடுத்த மாதம் ஓர் உறவினர் வீட்டு விருந்தில் அவர் எல்லாரிடமும் சொன்னார்: “அந்த ஓட்டல் இன்னைக்கும் ஃபுல். எனக்கே இடம் கிடைக்கல.”

நான் தலையாட்டினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.