டீசல் எஞ்சினும் எங்கள் வீட்டுக் கவுளியும்

எங்கள் வீட்டுப் பிக்கப் வண்டி ஓடிய தூரத்தைவிட நாங்கள் அதைத் தள்ளிய தூரம் அதிகம். பட்டாளத்துக்காரர்கள் வேண்டாமென்று ஏலம் விட்டதை அப்பா வேண்டுமென்று எடுத்து வந்திருந்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறையில் தைத்த பனியன்களைப் பெட்டி பெட்டியாக ரயிலடிக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. வண்டி பெட்ரோலைக் குடிக்கும், குடித்துவிட்டு மேட்டில் நின்றுகொள்ளும். அப்புறம் அம்மா, நான், தங்கை, தையல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளுவோம். அப்பா மட்டும் இறங்கமாட்டார். ஸ்டியரிங்கை யாராவது பிடிக்க வேண்டுமே என்பார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வைகாசியில் அப்பாவுக்கு ஞானம் பிறந்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் மாட்டப் போவதாக அறிவித்தார். கோயமுத்தூர்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் எஞ்சின் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. மாடு இழுத்து வந்த எஞ்சின் நம்மை எங்கே இழுக்கப் போகிறது என்று கேட்டேன். எனக்கு வாய் அதிகம் என்பது ஊரறிந்த விஷயம், அதனால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யப் பல்லடத்திலிருந்து ஒரு பாய் வந்தார். அவர் விசைத்தறி மோட்டார் பார்ப்பவர். டீசல் எஞ்சின் பார்த்துப் பழக்கம் உண்டா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சுத்தறது எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார் பாய்.

பட்டறையில் பஞ்சுத் தூசி பறந்ததால் எஞ்சின் எங்கள் முன்னறைக்குக் குடிவந்தது. பிஸ்டன், வால்வு, ஸ்பிரிங் என்று கழற்றிய ஒவ்வொன்றுக்கும் பாய் ஒரு பழுதுப் பனியனை மாட்டிவிட்டார். சின்னச் சாமானுக்குக் குழந்தை அளவு, பெரிய சாமானுக்குப் பெரியவர் அளவு. முன்னறையைப் பார்த்தால் ஏதோ பெரிய குடும்பம் சத்திரத்தில் தங்கியிருப்பது போலிருந்தது. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காரப் பிடிக்காமல் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவ ஆரம்பித்து, கடைசியில் பசை தடவி வால்வு அரைக்கும் வரைக்கும் வந்துவிட்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சமையலைவிடப் பிடித்திருந்தது என்று சொன்னால் அம்மா கரண்டியை எடுப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊத்துக்குளியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வெண்ணெய் வியாபாரக் குடும்பம். கட்டிலில் கிராங்க் ஷாஃப்ட் பனியன் போட்டுக்கொண்டு படுத்திருந்ததால் மாப்பிள்ளை அதன் கால்மாட்டில் ஒடுங்கி உட்கார்ந்தார். நான் கொண்டுபோன காப்பியில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது எனக்கே தெரிந்தது. அவர் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, என் நகத்துக் கறுப்பைப் பார்த்தார்.

"வால்வு அரைச்சீங்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்துவிட்டேன்.

என் முடிவை யார் கேட்டார்கள்? அம்மாவின் முடிவு பல்லியின் கையில் இருந்தது. பல்லியை அம்மா கவுளி என்றுதான் மரியாதையாகச் சொல்வார். எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் பேசும்போது கவுளி சத்தம் கொடுத்தால் அது சாமியின் சம்மதம். அம்மாவுக்கு அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. விளக்கேற்றிக் கேட்கும்போது முன்னறைக் கிழக்குச் சுவரிலிருந்து சத்தம் வர வேண்டும். "என்னைய உங்கப்பாருக்குக் கட்டிக் குடுத்ததே கவுளி சொல்லித்தான்" என்பார். அப்பாவோடு சண்டை வரும் நாட்களில், "அந்தக் கவுளி மட்டும் என்ற கையில சிக்கட்டும்" என்பார்.

மாலைதோறும் அம்மா விளக்கேற்றிவிட்டு, "ஊத்துக்குளிச் சம்பந்தம் பண்ணலாமுங்களா சாமி?" என்று கிழக்குச் சுவரைக் கேட்பார். சுவர் வாய் திறக்காது. பாயின் சுத்தியல் சத்தத்துக்கும் டீசல் நாற்றத்துக்கும் பயந்து எங்கள் பல்லி எப்போதோ வீட்டைக் காலி செய்திருந்தது.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் பனியன் பெட்டிக்குள் ஒரு பல்லியைப் போட்டுக்கொண்டு பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வந்தார்.

"நல்லாப் பேசற பல்லிங்க. தறிக்குடோன்ல இருந்தது" என்று அதைக் கிழக்குச் சுவரில் விட்டார்.

அம்மா அதை ஏற இறங்கப் பார்த்தார். "பல்லடத்துக் கவுளிக்கு நம்மூட்டு விசயம் என்னங்க தெரியும்?" என்று கேட்டார். அந்தப் பல்லியும் பேசவில்லை. பகலும் இரவும் தறி சத்தத்தில் வளர்ந்ததற்கு எங்கள் வீட்டு அமைதியில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது.

ஆனி பாதியில் ஊத்துக்குளியிலிருந்து ஆள் வந்தது. ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அன்று சாமான் கழுவும் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஒரு பல்லி வாய் திறக்காததற்காக என் வாழ்க்கை நிற்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. அந்தப் பக்கமாக வந்த அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"தண்ணி பட்டாத் துருப் புடிக்கும் கண்ணு" என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானரை எறிந்திருப்பேன். கையில் சின்ன ஸ்பானர்தான் இருந்தது.

ஒருவழியாக எஞ்சின் வண்டியில் ஏறியது. ஸ்டார்ட் செய்தால் இருமியதே தவிர ஓடவில்லை. பாய் தலையைச் சொறிந்தார். சாமான்களில் ஏதோ தப்பு என்று எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்கலாம் என்றார். இன்னொரு தரம் முயன்றபோது சைலன்சர் குழாயிலிருந்து குண்டு போட்டது போல ஒரு சத்தம். தூசி போகாமலிருக்கப் பாய் குழாய்க்குள் திணித்து வைத்து மறந்துபோன பனியன் கழிவு பந்தாகப் பறந்துபோய் அம்மா காயப்போட்டிருந்த வடகத்தின்மேல் விழுந்தது. எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது. தையல்காரர்கள் கைதட்டினார்கள். அம்மா வடகத்துக்காகத் திட்டினார்.

பாய் அப்பாவைக் கூப்பிட்டு எச்சரித்தார். "பிஸ்டனுக்குப் புது ரிங்கு போட்டிருக்குதுங்க. கொஞ்ச நாளைக்குப் பக்கத்துலயே மெதுவா ஓட்டோணும். இப்ப வெரட்டிச் சூடேத்துனீங்கன்னா ரிங்கு படியாது. அப்பறம் காலத்துக்கும் ஆயிலக் குடிச்சுப் பொகையக் கக்கும்."

அப்பா பவ்யமாகத் தலையாட்டினார். மறுநாள் மத்தியானம் அப்பாவையும் காணோம், வண்டியையும் காணோம். ஊத்துக்குளி ரோட்டில் வண்டி பறந்துபோனதாகத் தையல்காரர் ஒருவர் வந்து சொன்னதும் பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அப்பா திரும்பி வந்தார். எஞ்சின் கொதித்தது. எப்போதும் கேட்டருகில் நிறுத்துகிறவர், வண்டியின் மூக்கை முன்னறைக் கிழக்குச் சன்னலுக்கு அடியில் கொண்டுவந்து இடித்தாற்போல் நிறுத்தினார். கையில் ஒரு டின் வெண்ணெய்.

"சல்லிசாக் கெடச்சுது" என்றார் அம்மாவிடம். "ஏம்புள்ள, இன்னும் வெளக்குப் பொருத்தலையா?"

அம்மா விளக்கேற்றினார். கிழக்கே பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். அப்புறம் சன்னல் பக்கத்திலிருந்து, டிக், டிக் டிக், என்று தெளிவாகச் சத்தம் வந்தது. அம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு முறை கேட்டார். இன்னும் வேகமாக, டிக் டிக் டிக் டிக்.

"கவுளி சொல்லிருச்சுங்க!" என்று அம்மா கூவினார். அப்பா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எஞ்சினைப் பார்க்க ஓடிவந்த பாய் வாசலில் நின்று, "அது கவுளி இல்லீங்க, சூடான எஞ்சின் கொழாய் ஆறும்போது இப்படித்தான்..." என்று ஆரம்பித்தார். டின்னிலிருந்து ஒரு கை வெண்ணெயை அள்ளி அவர் வாயில் அப்பினேன். நல்ல சேதி கேட்ட சந்தோஷத்தில் மகள் வெண்ணெய் ஊட்டுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்தவர்கள் பாயும் நானும் மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. என் சீர் சாமான்களை ஏற்றிக்கொண்டு அந்த வண்டிதான் ஊத்துக்குளிக்கு வந்தது. பாய் சொன்னபடியே அது காலத்துக்கும் புகைந்தது. அது போகும் தெருவில் துணி காயப்போட முடியாது. ஊரில் அதற்குக் கொசு வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறந்தவீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பாவைத் திட்டுவேன். "ரிங்கு படியறதுக்குள்ள வெண்ண வாங்கப் போனீங்களே, கொஞ்சமாச்சும் ரோசனை இருந்துதுங்களா?" அப்பா சிரித்துக்கொண்டே பீடாவை மெல்லுவார்.

சில வருஷங்கள் கழித்துத் தங்கைக்கு ஒரு வசதியான இடம் வந்தது. அந்த மாப்பிள்ளை அவளை இரண்டு தரம் நடந்து காட்டச் சொல்லிவிட்டு, காப்பி ஆறிப்போனதென்று முழுசாக வைத்துவிட்டுப் போனவர். தங்கை சாப்பிடாமல் கிடந்தாள். அம்மாவுக்கோ அந்த இடம் தங்கமாகத் தெரிந்தது. கவுளி கேட்கிற அன்றைக்கு நானும் ஊத்துக்குளியிலிருந்து வந்திருந்தேன். வண்டி காலையிலிருந்து கேட்டருகில் நின்றது. பெட்டி ஏற்ற வந்த டிரைவரை, "இன்னிக்கு வண்டி எங்கயும் போகாதப்பா" என்று அப்பா திருப்பியனுப்பினார்.

அம்மா விளக்கேற்றிக் கேட்டார். சத்தமே இல்லை. எத்தனை தரம் கேட்டும் இல்லை.

"சாமிக்கு இஷ்டமில்ல, வுட்ரு" என்றார் அப்பா. தங்கை சமையலறைக்கு ஓடிப்போய் ஆறிய சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

நான் வெளியே போய்ப் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. பின்னாலேயே அப்பா வந்து நின்றார்.

"அப்பா, சூடா இருந்தாத்தான் பேசும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ஊத்துக்குளி வரைக்கும் வெரட்டுனாத்தான கண்ணு அந்தச் சூடு வரும்" என்றார். "அன்னிக்கு அங்க போய்ச் சம்மதம்னு சொல்லி, அவிக குடுத்த வெண்ணெயையும் வாங்கீட்டுத்தான் வந்தேன். அப்பறம் உங்கம்மாளுக்கு யாராச்சும் சொல்லோணுமல்ல?"

பானெட்டில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

மறுநாள் அப்பாவே என்னை அந்த வண்டியில் ஊத்துக்குளிக்குக் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் புகை. பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, இதெல்லாம் ஒரு வண்டியா என்று கத்தினார். நான் தலையை வெளியே நீட்டி, "எங்கப்பா வண்டி அப்படித்தான் பொகையும், உனக்கென்னடா?" என்று திருப்பிக் கத்தினேன்.