கொக்கோக் களத்தில் நிறுத்திய கார்

வில்கமுவையில் வாழ்க்கைப்பட்டிருந்த, எனக்கு மூத்த ராத்தாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. மறுநாள் விடியலில் ஸுபஹ் தொழுததும் வாப்பா காரில் போய் அவளை மாத்தளைக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. ஆனால் அந்த வாரம் கார் மதகொன்றில் மோதி, முன்சக்கரங்களை இணைக்கும் ரொட் வளைந்துவிட்டது. புதியதைப் பூட்டிவிட்டோம், சக்கரங்களை நேர்செய்ய வேண்டும். கராஜ் பூட்டியிருந்தது. நான் கொழும்பில் இயந்திர வரைபடம் படித்தவள். நானே செய்கிறேன் என்றேன்.

வீட்டுக்குப் பின்னால், கொக்கோ காயவைக்கும் சீமெந்துக் களம்தான் வழவழப்பான தரை. காரை அங்கே நிறுத்திக் கொப்பியில் எழுதினேன்: சுக்கான் சக்கரம் நடுவில், டயர்களில் காற்று சமம், முன்டயர் இரண்டிலும் சோக்குக்கட்டியால் ஒரு கோடு, கோடுகளுக்கு இடையே முன்பக்க அளவு, பின்பக்க அளவைவிட எட்டில் ஓர் அங்குலம் குறைவு. உம்மாவின் தையல் நாடாவால் அளந்து, ரொட்டைத் திருகி, மூன்று மணிக்கே சரிசெய்துவிட்டேன்.

வாப்பா களத்திலேயே காரை மெல்ல ஓட்டி, சுக்கானை விட்டுப் பார்த்தார். இடப்பக்கம் போனது. மறுபடி திருகினேன். மறுபடியும் இடம். சோக்குக் கோட்டை அழித்தேன், போட்டேன், அழித்தேன். மலைப்பாதையில் இடப்பக்கம் பள்ளம். உம்மா இரண்டு தரம் வந்து, முடிந்ததா என்று கேட்டுப் போனார்.

மூன்றாம் தரம் நின்று பார்த்தார்.

"மழைத்தண்ணி ஓடட்டும்னு சாய்ச்சுக் கட்டின களம் இது. பந்த வச்சாலும் அந்தப் பக்கந்தான் உருளும். கொழும்புல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

வாப்பா சிரிக்கவில்லை. காரைத் திருப்பி நிறுத்தி ஓட்டினார். இப்போது வலப்பக்கம், களம் சாய்ந்த அதே பக்கம் போனது. அப்படியானால், இரண்டு மணி நேரமாக நான் திருகியதெல்லாம் பிழை. மூன்று மணிக்குக் கொப்பியில் குறித்த அளவுக்கே திரும்பி, நட்டுகளை இறுக்கினேன்.

"நம்பிக்கை இருக்கா மகள்?"

"மூணு மணிக்கு இருந்துச்சு வாப்பா."

"அப்ப காலையில நீங்களும் முன்னால ஏறுங்க."

போகும்போது வளைவுக்கு வளைவு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில், பின்சீட்டில் படுத்திருந்த ராத்தாவுக்கு வலி தொடங்கியது. கெதியாகப் போகச் சொன்னாள்.

வாப்பா என்னைப் பார்த்தார்.

"போகலாம் வாப்பா" என்றேன்.

அவர் வேகத்தைக் கூட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்வரை கார் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.