அம்மாவின் மாத்திரை டின்கள்

தகர டின்னுக்குள் பச்சைப்பயறு உருளும் "கலகல" சத்தம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் நாலு நாள் பிடித்திருந்தது. அதன் பிறகு அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, எல்லா வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே மண்டபம்தான். சுற்றிச் சுவரும் கிடையாது, நடுவில் தடுப்பும் கிடையாது. பயிற்சி முடித்துப் புதிதாக வந்த டீச்சர், வகுப்பின் மூலைகளில் கணக்குக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று விளையாட்டுகளை வைக்க ஆசைப்பட்டார். பாவம், சுவரே இல்லாத வகுப்புக்கு மூலை எங்கிருந்து வரும்? அதனால் எல்லாவற்றையும் மூடி போட்ட டின்களிலும் மாஜரின் டப்பாக்களிலும் அடக்கி, ஒரு பெரிய பையில் போட்டு, சாரல் அடிக்காத பக்கமாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய் விரித்துவைப்பார். ஒன்றைத் திறந்தால் எழுத்து ஒட்டிய சோடா மூடிகள், இன்னொன்றில் நூலில் கோக்கும் பொத்தான்கள். அதற்காகவே நாங்கள் கொட்டும் மழையிலும் பள்ளிக்கூடம் போனோம்.

அடுத்து வந்தது, ஒரே பொருளைப் போட்ட இரண்டு டின்களைக் குலுக்கிப் பார்த்து, காதாலேயே ஜோடி சேர்க்கும் விளையாட்டு. "வீட்டுல சும்மா கெடக்குற டின்னு ரெண்டு, ஒரே மாதிரி, மூடியோட கொண்டு வாங்க" என்றார் டீச்சர். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான "லயத்தில்" சும்மா கிடக்கும் டின் என்று ஒன்று உண்டா? பால்மா டின்னில் பருப்பு, பிஸ்கட் டின்னில் உப்பு, ஓட்டை விழுந்ததில்கூடக் கொத்தமல்லிச் செடி. ஆனாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் கை தூக்கியது நான்தான்.

எங்கள் வீட்டில் ஒரே மாதிரி இருந்தவை அம்மாவின் மாத்திரை டின்கள் மட்டுமே. ஒன்றில் சீனி வருத்தம் என்கிற சர்க்கரை வியாதிக்கு, மற்றதில் பிரஷருக்கு. கிளினிக்கில் தரும் காகித உறை லயத்து ஈரத்தில் ஊறிப்போகும் என்பதால், வாங்கி வந்ததும் டின்களுக்கு மாற்றிவிடுவார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பிரஷர் டின்னில் சிவப்பு நூல் சுற்றியிருந்தார், அவ்வளவுதான் அடையாளம். நான் நூலைப் பிய்த்துவிட்டு, இரண்டிலும் இருந்ததை ஒரே டம்ளரில் கொட்டினேன். எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். எப்படியும் அம்மா வயிற்றுக்குள்தானே போய்ச் சேரப்போகிறது என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். டீச்சர் அந்த டின்களில் பச்சைப்பயறு போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா டம்ளரில் இருந்த மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "டின்னு ரெண்டையும் எடுத்தது யாரு புள்ள?"

"தெரியாதும்மா."

அப்பா காதில் விழுந்தால் என் முதுகு பிய்ந்துவிடும் என்பதாலோ என்னவோ, அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த கிளினிக் நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கண்ணுக்குத் தோன்றியபடி பிரித்து விழுங்கத் தொடங்கினார்.

நான்காம் நாள், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் வியர்த்துக் கொட்டி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் சரிந்து விழுந்தார். கொழுந்து லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில் டின்னைக் காதில் வைத்து, ஜோடியைச் சரியாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பாவோடு போனேன். சீனி மாத்திரையை அளவு மீறி விழுங்கியதால் வந்த வினை என்று சொல்லி, கட்டிலருகே நின்ற தாதி திட்டினார்: "ரெண்டு மருந்தையும் யாரு கலந்தது? உசுரோட வெளயாடுறீங்களா?"

"நான்தாங்க மிஸ்ஸி. கை தவறிக் கொட்டிட்டேன்" என்றார் அம்மா.

"அறிவிருக்கா ஒனக்கு?" என்று அப்பாவும் தன் பங்குக்குக் கத்தினார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தெரிந்துதான் திரும்பவில்லை என்று அந்த வயதிலும் எனக்கு விளங்கியது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மண்டபத்துக்கு இப்போது சுவர் எழுப்பிவிட்டார்கள். மூலைகளில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. டீச்சரின் பை என்ன ஆனது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நானும் கொத்மலைப் பக்கம் ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்கிறேன். எந்தப் பிள்ளையிடமும் வீட்டிலிருந்து எதையும் கொண்டுவரச் சொல்வதில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறார். மாத்திரைகள் ஏழு வகையாகிவிட்டன. காலையில் உறைகளில் எழுதியிருப்பதை இருமுறை வாசித்து, எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்கிறேன். அன்று நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் வாய்வரை வருகிறது. அதற்குள் அம்மா, கையில் இருப்பது என்னவென்று குனிந்துகூடப் பார்க்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுகிறார்.