கண்ட்ரோல் தட்டில் சத்தம் நின்றது

கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவப் பட்டுப்புழுக்கள் மல்பெரி இலை தின்னும்போது, அறை முழுக்க மழை பெய்வது போலக் கேட்கும். நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு பட்டுப்புழு ஆய்வகத்தில் நான் சீனியர் டெக்னீஷியன். பழகிப் போனதால் அந்தச் சத்தம் என் காதில் விழுவதே இல்லை. தட்டு கழுவி இலை போடும் தினக்கூலிப் பெண் மாதம்மாள் அப்படியில்லை.

"சார், கீழ்த் தட்டுல சத்தத்தயே காணோங்க," என்றார், சோதனைக்காகப் புழுக்களுக்கு ஊசி போட்ட மறுநாள் காலையில்.

"அது கண்ட்ரோல் தட்டும்மா. அதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்தத் திமிருக்குக் காரணம் உண்டு. ஜீன்களை அடக்கும் சின்ன மூலக்கூறான மைக்ரோஆர்என்ஏ இரட்டை இழையாக உருவாகும். ஒன்று வழிகாட்டி இழை. அது ஆர்கோநாட் என்ற புரதத்துக்குள் உட்கார்ந்து, தனக்குப் பொருந்தும் ஜீனை அடக்கும். மற்றது பாசஞ்சர், துணை இழை. அது உடைந்து குப்பையாகிவிடும் என்றே நினைத்திருந்தோம். மேல் தட்டுப் புழுக்களுக்கு முழு ஜோடியை ஊசியில் ஏற்றினோம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கீழ்த் தட்டான கண்ட்ரோலுக்கு, வழிகாட்டி இழை புரதத்துக்குள் நுழைய முடியாதபடி நுனியை அடைத்த ஜோடி. எதுவும் நடக்காது என்ற நம்பிக்கையில், ரெஜிஸ்டரின் கண்ட்ரோல் பத்தியில் ஒரு வாரத்துக்கும் சேர்த்து 'நார்மல்' என்று முன்கூட்டியே எழுதிவிட்டேன். எங்கள் தொழிலில் பலர் செய்வதுதான்.

மாதம்மாள் சொல்லி இரண்டு நாள் கழித்துத்தான் குனிந்து பார்த்தேன். அத்தனை புழுக்களும் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தன. இலை கடிபடாமல் வாடிக் கிடந்தது. தோலுரிக்கும் முன் தூங்கும் புழுதான் அப்படி இருக்கும்; இலை தின்னும் ஐந்தாம் பருவத்தில் அந்தத் தூக்கம் கிடையாது. ஒன்றைத் தொட்டேன். உயிர் இருந்தது. மேலே மழைச் சத்தம், கீழே ஒன்றுமில்லை.

ஆய்வகத் தலைவர் வந்து பார்த்தார். "மாதம்மா போயில போடும்ல? அந்தக் கையோட எலயத் தொட்டிருக்கும். ஊசியாலன்னா அப்பவே தெரிஞ்சிருக்கும். ரெஜிஸ்டர்ல நேத்து வரைக்கும் நார்மல்தானே?"

"ஆமாங்க சார்."

"முந்தாநாளே சொன்னனுங்களே," என்றார் மாதம்மாள். "சோப்புப் போட்டுக் கை கழுவாம நான் உள்ள வர மாட்டனுங்க. நீங்களே சொல்லுங்க சார்."

புகையிலை விஷம் ஏறிய புழு கக்கும். இவை கக்கவில்லை. அது எனக்குத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ரெஜிஸ்டர் பொய் என்று ஒப்புக்கொள்ளப் பயம். அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அதே சோதனையைப் புதுப் புழுக்களில் திரும்பச் செய்தபோது நானே இலை போட்டேன். மறுநாளே கீழ்த் தட்டு அடங்கிவிட்டது. ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தூக்கிய தலைகள் எல்லாம் என்னையே கவனிப்பது போலிருந்தது.

பிறகு அந்தப் புழுக்களிலிருந்து ஆர்கோநாட்டைப் பிரித்து, உள்ளே இருந்த இழை எது என்று சீக்வென்சிங் செய்து பார்த்தோம். வழிகாட்டியை நாங்கள் வெளியே நிறுத்தியதும், குப்பை என்று விட்ட துணை இழை அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வேறொரு ஜீனை அடக்கியிருந்தது. அது பசியோடு தொடர்புடைய ஜீன்.

தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாதம்மாளைக் கூப்பிட்டு வரச் சொன்னார். நான் தேடிப் போனபோது அவர் ஒரு தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, வேலைக்குத் திரும்பி வாருங்கள் என்றேன்.

"அந்தப் புழுவுங்க அப்பறமாச்சும் தின்னுச்சுங்களா?"

"இல்லம்மா. எல்லாம் செத்துப் போச்சு."

"நான் சொன்ன அன்னிக்கு என்னன்னு எழுதியிருந்தீங்க?"

"நார்மல்னு."

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். வேலைக்குத் திரும்பி வரவேயில்லை.

ரெஜிஸ்டரில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்பது விதி. புதிதாகச் சேர்பவர்களிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறேன். ஏழு 'நார்மல்', என் கையெழுத்தில். இப்போதெல்லாம் முதலில் கண்ட்ரோல் தட்டுக்குத்தான் குனிகிறேன். சத்தம் கேட்ட பிறகே பேனாவைத் திறக்கிறேன்.