இடப்பக்கத்துப் புள்ளிகள்

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் ‘சீவல் அக்கா’. எலியின் தண்டுவடத்தை உறையவைத்து, குளிர்பெட்டிக்குள் இருக்கும் கத்தியால் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, தூரிகையால் தொட்டெடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது அவள் வேலை. லேசாகத் தும்மினாலும் சீவல் பறந்துவிடும். பதினொரு வருஷமாக மூச்சை அடக்கிப் பழகியவள். “அங்க அடக்கினதுக்கெல்லாம் சேர்த்து இங்க பேசித் தீர்க்கிறா” என்பார் அவள் கணவர்.

நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளியிடும் சின்னப் புரதத் துணுக்குகளில் ஒன்று, வலிச் சேதியைக் கொண்டுவருவது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் தண்டுவடத்தில் எங்கே இருக்கின்றன என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார் ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா. சாயம் ஏற்றினால் ஏற்பிகள் பழுப்பாகத் தெரியும். சீவலின் நடுவில் வண்ணத்துப்பூச்சி போல ஒரு சாம்பல் உரு. அதன் மேல் இறக்கைகளின் விளிம்பில் மட்டும் மை தீட்டிய மாதிரி ஒரு கோடு. அதற்கடுத்த பட்டையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

“இவ்ளோ இடம் கிடக்கு, எல்லாம் ஏன் வாசல்லயே கூட்டமா நிக்குது?” என்று முதல் நாளே கேட்டாள்.

“வலி நரம்பு அந்த வழியாத்தானேக்கா உள்ள வருது” என்றார் டாக்டரம்மா.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த தகட்டில் அந்தக் கோடு சிதறிக் கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், செல்களின் விளிம்பில் இருக்க வேண்டிய பழுப்பு, உள்ளே புள்ளி புள்ளியாக இறைந்திருந்தது.

“சாயம் சொதப்பிடுச்சு. தூக்கிப் போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கூட்டத்துக்குப் போய்விட்டார்.

சீவல் அக்காவுக்கு மனசு வரவில்லை. தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். இடப்பக்க இறக்கையில்தான் புள்ளிகள். வலப்பக்கத்தில் கோடு கச்சிதமாக இருந்தது. ஒரே சீவல், ஒரே சாயம். கெட்டால் இரண்டு பக்கமும்தானே கெட வேண்டும்? பக்கம் மாறிவிடாதிருக்க உறையவைக்கும்போதே வலப்பக்கம் ஊசியால் ஒரு துளை போடுவது அவள் வழக்கம். துளை இருந்த இடத்திலேயே இருந்தது. அதே தண்டுவடத்தை மறுபடி சீவி, புதுச் சாயம் ஏற்றினாள். அதே கதை.

சாப்பாட்டையும் மறந்து விலங்குக் கூடத்துக்கு இறங்கிப் போனாள். பராமரிப்பவர் பதிவேட்டைப் புரட்டினார்.

“ஆமா, அந்த எலி! அன்னைக்குக் கூண்டுக் கம்பியில கால் மாட்டிக்கிச்சு. விடுவிச்ச கையோட மேல அனுப்பிட்டோம்.”

“எந்தக் கால்?”

“இடது பின்னங்கால். ஏன், என்னாச்சு?”

அதற்குள் அவள் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறிக்கொண்டிருந்தாள்.

கால் மாட்டிய கதையைக் கேட்ட டாக்டரம்மா வெகுநேரம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வலி வந்தா ஏற்பி சேதியை வாங்கிட்டு செல்லுக்குள்ள போயிடும். படிச்சிருக்கேன்க்கா, ஏற்கெனவே கண்டுபிடிச்சதுதான். ஆனா நம்ம தகட்டுலயே வந்து நிக்கும்னு நினைக்கல. குப்பையில போடச் சொன்னேனே!”

ஏற்கெனவே கண்டுபிடித்தது என்றதும் அவளுக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஒரு நிமிஷம்தான்.

“சரி, உள்ள போனது அங்கேயே இருந்துடுமா, திரும்பி வருமா?”

“ஒரு மணி நேரத்துல வந்துடுமாம்.”

“வந்துடுமாமா? நாமளே பார்த்துடலாமே!”

எலிகளை வைத்து அதைச் சோதிக்க அனுமதி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. அதன்பின் வந்த தண்டுவட டப்பாக்களில், வலிக்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று காட்ட, ஐந்து நிமிஷம், அரை மணி, ஒரு மணி என்று சீவல் அக்காவின் கோணல் எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. முதலில் அவள் கத்திக்கு வைத்தது ஒரு மணியை.